மார்கழியில் பதினாறு, சித்திரையில் ஐந்து

கோவை செல்வபுரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். லேத் பட்டறை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர், எடை அறுபது கிலோ. பேரூர்ச் சாலையில் போக வர ஐந்து கிலோமீட்டர் ஓடுவது அவர் வழக்கம். மார்கழி நடுவில் ஒரு நாள் ஐந்தரை மணிக்குத் தனியாகக் கிளம்பியவர், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. "கால் நிக்கலீங்க" என்று எழுதுகிறார். பேரூர்க் கோயில் போனது, மாதம்பட்டி போனது, தென்னந்தோப்புகளும் பாக்குத் தோப்புகளும் இருட்டோடு இருட்டாகப் போயின. நன்றாக விடிந்தபோது ஆலாந்துறையில் நின்றிருந்தார். கைபேசி 16 கிலோமீட்டர் என்றது. சட்டைப் பையில் பத்துப் பைசா கிடையாது. டீக்கடை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, உங்க மேல பொகை வருது?" என்று கேட்டாராம்.

அவருக்கு மூன்று சந்தேகங்கள். போன சித்திரையில் இதே சாலையில், காலை ஏழு மணிக்கு, ஐந்தை முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அதே உடம்புக்கு மார்கழி அப்படி என்ன கொடுத்தது? நண்பர் ஒருவர் "மார்கழியில் ஓசோன் இறங்கும்" என்கிறார், இன்னொருவர் "மூளையில் எண்டார்ஃபின் சுரந்துவிட்டது" என்கிறார். யார் சொல்வது சரி? மூன்றாவது, அந்தப் புகை.

இரண்டு நண்பர்களும் சொல்வது தப்பு. புகைதான் சரியான இடத்தில் விரல் வைக்கிறது. அதற்கு வருவோம்.

ஓசோனை முதலில் தீர்த்துவிடலாம். ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து இறங்கும் விருந்தாளி இது. மார்கழி விடியலில் ஓசோன் பூமிக்கு அருகே வருமாம், அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர்கள் வாசலில் கோலம் போடச் சொன்னார்களாம். ஓசோன் படலம் இருப்பது தலைக்கு மேலே சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். பஞ்சாங்கம் பார்த்து அது இறங்கி வருவதில்லை. தரையோரம் இருக்கும் ஓசோன் வேறு சங்கதி. வாகனப் புகையில் வெயில் பட்டு உண்டாகும் மாசு அது, நுரையீரலைப் புண்ணாக்கும். அதுவும் வெயில் ஏறிய பிறகுதான் கூடும். விடியலில் மிகக் குறைவு. கோலம் போட்டதற்கு வாசல் அழகாக இருக்கும் என்பதே போதுமான காரணம். பாவம், முன்னோர்களை விட்டுவிடுவோம்.

"குளிர்காற்றில் ஆக்சிஜன் அதிகம்" என்று இன்னொரு கட்சி உண்டு. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 18 டிகிரிக் காற்று 34 டிகிரிக் காற்றைவிட ஐந்து சதவீதம் அடர்த்தி. ஒரு மூச்சில் அந்த அளவு கூடுதல் ஆக்சிஜன் வரும். ஆனால் ஆரோக்கியமானவரின் ரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுதான் நுரையீரலை விட்டுக் கிளம்புகிறது. நிரம்பிய குடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றி என்ன பயன்?

சரி, கணக்குக்கு வருவோம். ஓடும் மனிதர் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவழிக்கிறார். ஞாபகம் வைத்துக்கொள்ள இவ்வளவு வசதியான எண் உடலியலில் வேறில்லை. அறுபது கிலோ வாசகர் மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடினால் 540 கிலோகலோரி. நம் ஊரில் எச்.பி.யில் சொன்னால்தான் மனதில் நிற்கும்: முக்கால் எச்.பி.க்குக் கொஞ்சம் மேல். அதில் தசை வேலையாக மாற்றுவது கால் பங்கைத் தாண்டாது. மீதி எல்லாம் சூடு. கிட்டத்தட்ட 480 வாட். பக்கெட்டில் போட்டுக் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிறோமே, அந்த ஆயிரம் வாட் ராடில் பாதி, உடம்புக்குள் ஓயாமல் எரிகிறது.

இந்தச் சூட்டை வெளியே தள்ளாவிட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு ஏறும். ஒரு மணி நேரத்தில் 45 டிகிரி. ஆலாந்துறை போய்ச் சேர்வதற்குள், சொல்ல வேண்டாம். ஆக, நீண்ட ஓட்டம் என்பது கால்களுக்கு எவ்வளவு வேலையோ, அவ்வளவு வேலை தோலுக்கும். மனிதன் நெடுந்தூரம் ஓடும் பிராணியாக இருப்பதே முடி உதிர்ந்த, வியர்க்கும் தோலால்தான் என்று சில மானுடவியலாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். மற்றவர்கள் மறுக்கிறார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

சூடு பிறப்பது தசையில், வெளியேறுவது தோலில். நடுவில் அதைச் சுமந்து போவது ரத்தம். ஓடும்போது உடம்பின் உள்சூடு 38.5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் தோல் 30 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கிறது. 38.5-இல் வரும் ஒரு லிட்டர் ரத்தம் தோலைச் சுற்றிவிட்டு எட்டரை டிகிரிச் சூட்டை அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பலாம். சித்திரை ஏழு மணிக்குத் தோல் 34.5 என்றால், அதே ஒரு லிட்டர் இறக்குவது வெறும் நாலு டிகிரி. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இறக்குமிடத்தில் பாதிச் சரக்கோடு திருப்பி அனுப்பினால் இரண்டு நடை அடிக்க வேண்டும்.

480 வாட்டைக் கொண்டுபோக மார்கழியில் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ரத்தம் தோலுக்குப் போனால் போதும். சித்திரையில் இரண்டு லிட்டர் வேண்டும். வெயில் ஏறித் தோல் 36-ஐத் தொட்டால் மூன்று லிட்டர். நடுத்தர வயதுச் சாதாரண இதயம் முழு மூச்சில் இறைத்தால் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர். அதில் கால்களுக்குப் போக வேண்டியதிலிருந்துதான் இந்த மூன்று லிட்டரை எடுக்க வேண்டும்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வாசகர்களுக்கு இதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: பி.ஏ.பி.

பரம்பிக்குளம் - ஆழியாறுப் பாசனத்தின் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 94 ஆயிரம் ஏக்கர் என்று வைத்து, திருமூர்த்தி அணையிலிருந்து முறை போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் போதாது என்பதுதான் முறையின் அடிப்படை. உடம்பிலும் அப்படியே. ரத்தம் மொத்தம் ஐந்து லிட்டர். ரத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் முழுக்கத் திறந்தால் நிரப்ப ரத்தம் காணாது. ஓடும்போது முதலில் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் மதகுகளை மூளை பாதி இறக்கிவிடுகிறது. அந்த மண்டலத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இரண்டு மண்டலங்கள்: தசை, தோல். மார்கழியில் தோல் மண்டலம் கோரிக்கையே வைப்பதில்லை. வந்த தண்ணீர் முழுக்கத் தசை வாய்க்காலில் கடைமடை வரை பாய்கிறது. சித்திரையில் தோல் மண்டலம் மறியலில் உட்கார்ந்துவிடும். ஷட்டரைத் தூக்காமல் இருக்க முடியாது, தூக்காவிட்டால் அணையே கொதித்துவிடும். தூக்கினால் கெண்டைக்கால் கடைமடை காய்கிறது.

கதை இன்னும் இருக்கிறது. தோலின் சிரைகள் தளர்ந்த பைகள் மாதிரி. போன ரத்தம் அங்கே குட்டையாகத் தேங்கி, இதயத்துக்குத் திரும்ப நேரமாகும். அணையின் நீர்மட்டம் சரிகிறது. போதாததற்கு வியர்வை வேறு. இரவில் வாய்க்காலில் ஹோஸைப் போட்டு உறிஞ்சுகிற ஆசாமி மாதிரி, அதுவும் இந்த ஐந்து லிட்டரின் நீர்ப் பகுதியிலிருந்துதான் எடுக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைகிறது. ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள், நாடி மட்டும் தானாக ஏறிக்கொண்டே போகும். உடலியலில் இதை இதயத் துடிப்பின் 'நழுவல்' என்பார்கள். பொறியாளர் அணையில் தண்ணீர் இல்லாமல் மதகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் நிலைமை அது. பி.ஏ.பி.யில் வயலுக்குப் போன தண்ணீர் அணைக்குத் திரும்பாது, ரத்தம் திரும்பும் என்பதால் இந்த ஒப்புமை இங்கே உடைகிறது. இன்னும் இழுத்தால் நீர்வளத் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக வாசகரின் முதல் கேள்விக்கு விடை: மார்கழி எதையும் கொடுக்கவில்லை. சித்திரை எடுத்துக்கொண்டிருந்ததை எடுக்காமல் விட்டது.

வரலாறு என்று ஒரு பத்தி எழுதாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். மதகு திறக்கும் வேலையை நுண்குழாய்களில் கண்டு சொன்ன டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோகுக்கு 1920-ஆம் ஆண்டின் நோபல். தசையில் சூடு பிறப்பதை நுட்பமாக அளந்த இங்கிலாந்தின் ஏ.வி. ஹில்லுக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல். ஹில் தாமே ஓட்டக்காரர். 1943-44இல் இந்தியாவுக்கு வந்து, இங்கே அறிவியல் ஆராய்ச்சியை எப்படி நடத்தலாம் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். போதும்.

பரிசோதனைகள் வரலாற்றைவிடச் சுவையானவை. 1997இல் கேலோவே, மான் என்ற இருவர் ஸ்காட்லாந்தில் எட்டு ஆண்களை நிலைச் சைக்கிளில் உட்கார வைத்து, முடியாமல் இறங்கும்வரை மிதிக்கச் சொன்னார்கள். அறையின் வெப்பம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. 31 டிகிரியில் சராசரியாக 52 நிமிடம் தாங்கினார்கள். 21 டிகிரியில் 81. 11 டிகிரியில் 94. சரி, இன்னும் குளிர்ந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தால், 4 டிகிரியில் மறுபடி 81-க்கு இறங்கிவிட்டது. குளிருக்கும் ஓர் அளவு உண்டு.

இரண்டு வருடம் கழித்து கோபன்ஹேகனில் இன்னொரு குறும்பு செய்தார்கள். சைக்கிள் வீரர்கள் ஏழு பேரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, உள்சூடு ஒரு நாள் 36-க்கும், ஒரு நாள் 37.5-க்கும், இன்னொரு நாள் 38-க்கும் கொண்டுவந்துவிட்டு, 40 டிகிரி அறையில் மிதிக்க விட்டார்கள். குளிர்ந்த உடம்போடு தொடங்கிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கினார்கள், சூடாகத் தொடங்கிய நாளில் அரை மணிகூட இல்லை. ஆனால் எந்த நாளும் அவர்கள் கைவிட்டது ஒரே இடத்தில்: உள்சூடு 40-ஐச் சற்றே தாண்டியபோது. கிளம்பும் ஊர் வேறு, நிற்கிற ஸ்டாப் ஒன்று. நம் வாசகர் சித்திரையில் ஐந்தை முடிப்பதற்குள் நாக்குத் தள்ளியபோது 40-ஐத் தொட்டிருக்க மாட்டார். மூளை அதற்கு முன்பே வேகத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். எப்படி முன்கூட்டியே கணக்குப் போடுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் குஸ்தி போடுகிறார்கள்.

பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை ஓடி முடித்த சுமார் 18 லட்சம் பேரின் நேரங்களைப் பிரெஞ்சுக் குழு ஒன்று அலசி 2012இல் வெளியிட்டது. ஓட்டத்துக்கு உகந்தது 4 முதல் 10 டிகிரி வரை என்று வந்தது. கோவையில் ஜனவரி விடியலின் சராசரியே 19-ஐ ஒட்டித்தான். நாம் ஸ்வெட்டரும் மப்ளரும் மாட்டிக்கொண்டு நடுங்குகிற "குளிர்" அவர்களுக்கு உஷ்ணம். பத்து டிகிரி வேண்டுமானால் ஊட்டிக்குப் போகலாம். ஆனால் அங்கே சாலை செங்குத்து, 2,200 மீட்டர் உயரத்தில் காற்றும் மெல்லியது; ஒரு கையால் கொடுத்து இரு கைகளால் வாங்கிக்கொள்ளும் ஊர். கோயமுத்தூர் புற்றுநோய் அறக்கட்டளை 2013 முதல் நடத்திவரும் கோயம்புத்தூர் மாரத்தானில் ஆட்கள் இருட்டு விலகுமுன் ஓடத் தொடங்குவதற்கும் காரணம் இந்த வெப்பக் கணக்குதான். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் ஏறும் சில டிகிரி, எந்த விலையுயர்ந்த ஷூவையும் தோற்கடித்துவிடும்.

சரி, ஈரப்பதம்? கைபேசியைத் திறந்தால் டிசம்பர் விடியலில் "ஈரப்பதம் 90 சதவீதம்" என்று பயமுறுத்தும். அவ்வளவு ஈரத்தில் வியர்வை எப்படிக் காயும், உடம்பு எப்படிக் குளிரும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைப் பஞ்சாலையில் வேலை பார்த்த எந்தப் பெரியவரும் கேட்கமாட்டார். நூல் அறுந்துபோகாமல் இருக்க மில் ஷெட்டுக்குள் ஈரம் ஏற்றுவது இந்த ஊர் பல தலைமுறையாகச் செய்துவரும் வேலை. ஈரக் குமிழ், உலர் குமிழ் என்று இரட்டை வெப்பமானியைச் சுவரில் மாட்டிவைத்து, சதவீதம் என்பது வெப்பத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

18 டிகிரியில் 90 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 கிராம் நீராவி. சென்னையில் மே மாத விடியல், 28 டிகிரி, அதே 90 சதவீதம்: 24 கிராமுக்கு மேல். ஒப்பிட வசதியாக இரண்டு ஊரிலும் தோல் 33 டிகிரி என்று வைத்தால், வியர்த்த தோலை ஒட்டிய காற்று பிடித்து வைத்திருப்பது 35 கிராம். வியர்வை காய்வது இந்தத் தோல் காற்றுக்கும் வெளிக் காற்றுக்கும் இடையிலான வாட்டத்தைப் பொறுத்தது. வாட்டம் இருந்தால் தண்ணீர் ஓடும், வாட்டம் இல்லாவிட்டால் நிற்கும். சாக்கடை கட்டும் கொத்தனாருக்குத் தெரிந்த பௌதிகம். கோவை மார்கழியில் வாட்டம் இருபதுக்கு மேல், சென்னை மேயில் பதினொன்று. எண் இரண்டு ஊரிலும் 90-தான். ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் 580 கிலோகலோரிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். காயாமல் மூக்கு நுனியில் சொட்டினால் அதனால் தம்பிடிப் பிரயோசனம் இல்லை. "இன்னைக்கு நல்லா வேர்த்துச்சு" என்று பெருமைப்படுகிறவர்கள் எவ்வளவு சொட்டியது, எவ்வளவு காய்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது எண்டார்ஃபின் நண்பர். நீண்ட ஓட்டத்தில் ஒரு மிதப்பு வருவது உண்மை. நம்மவரும் மாதம்பட்டிக்குப் பிறகு "எதுக்கு ஓடறோம்னே தோணலீங்க, சும்மா போயிட்டே இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறார். இதற்கு நாற்பது வருடமாக எண்டார்ஃபின்மேல் பழி போட்டுவருகிறார்கள். ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது சரிதான். ஆனால் அது பருத்த மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வேலியைத் தாண்டுவது கஷ்டம். 2021இல் ஜெர்மனியில் 63 பேரை ஓடவிட்டு, எண்டார்ஃபினின் கதவை அடைக்கும் மருந்தைக் கொடுத்தும் பார்த்தார்கள். மிதப்பு வந்தவர்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது சந்தேகம் வேறொரு ஆள்மேல். உடம்பே தயாரிக்கும், கஞ்சாவின் அதே பூட்டில் நுழையும் ஒரு சிறு மூலக்கூறு. 1992இல் ஜெருசலேமில் மெக்கூலம் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தபோது, "ஆனந்தம்" என்ற நம் ஊர்ச் சொல்லைக் கடன் வாங்கி ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பெயர் பிரமாதம். அதுதான் முழுக் காரணம் என்று நாளை யாராவது மாத்திரை விற்றால் வாங்காதீர்கள். ரத்தத்தில் கூடுகிறது என்பதற்கும் மூளையில் அதுதான் வேலை செய்தது என்பதற்கும் நடுவில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது.

அப்படியானால் அவர் ஏன் திரும்பவில்லை? என் ஊகம் சாதாரணமானது. எவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று மனம் போடும் மதிப்பீட்டில் தோலின் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் குளிர்ந்திருந்தால் அதே வேலை லேசாகத் தெரியும். தனியாக ஓடியதால் முந்த ஆள் இல்லை, பேச்சுக்கு மூச்சு விட வேண்டியதில்லை. தனக்கு ஒத்த வேகத்தில் போயிருக்கிறார். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோகலோரிக்கு வரும். 16 கிலோமீட்டருக்கு ஆயிரம்கூட ஆகவில்லை, வெறும் வயிறாக இருந்தாலும் தட்டுப்பாடு வந்திருக்காது. இருட்டில் தூரமும் தெரியவில்லை. நொய்யல் கிழக்கே ஓடுகிறது, அவர் மேற்கே ஓடினார். அதாவது முழு வழியும் மெல்லிய ஏற்றம். அதுகூடத் தெரியவில்லை என்றால் பாருங்கள்.

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் என்பதால், முதுகுக் காற்று தள்ளியிருக்கலாம் என்று அவரே ஒரு யோசனை சொல்கிறார். அது முழு லாபம் இல்லை. மணிக்கு 9 கிலோமீட்டர் காற்று பின்னால் வர, 9 கிலோமீட்டரில் நீங்கள் ஓடினால், உங்களைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்கும். வியர்வை காயாது. தள்ளுகிற கையே விசிறியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

இனிப் புகை. வியர்வையில் நனைந்த தோளை ஒட்டி நிற்பது சூடான, நீராவி நிரம்பிய காற்று. அது மலையடிவாரத்தின் குளிர்ந்த ஈரக் காற்றோடு கலக்கும்போது, கலவை நடுவாந்திரச் சூட்டுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சூட்டில் தாங்கக்கூடியதைவிட அதிக நீராவி அதற்குள் இருக்கும். மிச்சம் நுண்துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தால் வருவதும், வாயைத் திறந்தால் வருவதும் இதே வகை. 90-க்கு மேல் ஈரமிருந்த காலை என்பதால் பதினேழு பதினெட்டு டிகிரியிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடை அக்கா பார்த்தது, ராடில் பாதியளவு சூடு வெளியேறும் காட்சியை.

அந்தக் காட்சி அடுத்த சில நிமிடங்களில் தலைகீழாக மாறியிருக்கும். கடிதத்தின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது. அக்கா கடனுக்குக் கொடுத்த வரக்காப்பி கையில் தளும்பியதாம். ஓட்டம் நின்றதும் 480 வாட் நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. தோல் மதகுகளோ உடனே மூடுவதில்லை, சட்டை ஈரம், காற்று குளிர்; வரவு நின்றபின்னும் செலவு அதே வேகத்தில் போகிறது. பத்து நிமிடத்தில் பல் கிட்டிவிட்டது. அறிமுகம் இல்லாத பால்காரர் ஒருவர் துண்டைக் கொடுத்து, டவுன் பஸ்சுக்குக் காசும் கொடுத்திருக்கிறார். எனவே நீண்ட தூரம் போகும் எண்ணம் துளியும் இல்லாத நாளிலும் சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் வையுங்கள். நின்றவுடன் ஈரச் சட்டையைக் கழற்றுங்கள். அக்காமார் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

செல்வபுரத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அதே ஐந்து கிலோமீட்டரை அதே வேகத்தில், தை முடிவதற்குள் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் ஓடுங்கள். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் பதினைந்து விநாடி நின்று நாடியை எண்ணுங்கள், ஐந்தாவது முடிந்ததும் எண்ணுங்கள். கைக்கடிகாரக் கருவி காட்டுகிற எண் வேண்டாம். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணியது வேண்டும். நான்கு எண்களையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ரேஸ்கோர்ஸ் சுற்றில் நான் எடுத்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் போடுகிறேன்.